நாலு மணிக்குப் பூக்கும் கல்

2024 ஏப்ரல் 2, செவ்வாய். காலை 9.10. எண்ணிக்கை: 0

ஆழ்துளைக் கிணற்றிலிருந்து சூரியமின் நிலையம் வரை 4.2 கிலோமீட்டர். தண்ணீர்க் குழாய்க்குப் பள்ளம் தோண்டப்போகும் கோடு அது. கோட்டின் இருபுறமும் ஐந்தைந்து மீட்டருக்குள் கல்செடி எத்தனை என்று நடந்து பார்த்து எழுத வேண்டும். 6.20க்குத் தொடங்கினேன். 9.10க்கு அறைக்குத் திரும்பினேன். ஒன்றுகூட இல்லை. படிவத்தில் பூஜ்ஜியம் போட்டு, கீழே நவநீதன் என்று கையெழுத்தும் போட்டாயிற்று.

கல்செடி என்றால் கூழாங்கல் போலவே இருக்கும் செடி. அதை ஏன் எண்ண வேண்டும் என்று கேட்டால், நமீபியாவின் இந்தத் தெற்கு மூலையில் அதற்குப் பாதுகாப்பு உண்டு என்கிறார்கள். எங்கள் திட்டத்துக்கு ஒரு விதி கொடுத்திருக்கிறார்கள்: வெள்ளைப் பூ வகை என்றால் அனுமதி வாங்கிப் பெயர்த்து நடலாம். மஞ்சள் பூ வகை என்றால் தொடக் கூடாது, கோட்டையே நகர்த்த வேண்டும். கோட்டை நகர்த்தினால் நாலு வாரம் தாமதம். நான் ஊருக்குக் கிளம்புவதும் நாலு வாரம் தள்ளிப்போகும்.

இந்த நோட்டு அளவைக் கணக்குக்காக வாங்கியது. மீதிப் பக்கம் நிறைய இருக்கிறது. பேச ஆளில்லாமல் எழுதுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

ஏப்ரல் 3

தாரணி எடுக்கவில்லை.

ஏப்ரல் 4

முகாமில் பதினொரு பேர். தமிழ் பேசுவது இரண்டு பேர். ஒருவன் நான். இன்னொருவர் நாச்சிமுத்து அண்ணன். திருச்செங்கோட்டிலிருந்து ரிக் வண்டியோடு கப்பலேறி வந்தவர். கிணறு போட்டு முடித்துவிட்டு இப்போது பள்ளம் தோண்டும் இயந்திரத்தை ஓட்டக் காத்திருக்கிறார்.

ஃபோன் சிக்னல் முகாமில் கிடையாது. கோட்டில் 3.6 கிலோமீட்டர் குறியருகே ஒரு கரடு, சின்னக் கல் குன்று, இருக்கிறது. அதன் உச்சியில் மட்டும் இரண்டு கோடு வரும். இங்கே காலை 7.30 என்றால் ஈரோட்டில் பதினொன்று. என் மனைவி தாரணிக்கு ஆபீசில் டீ நேரம். அந்த நேரத்தில் பேசுவது என்று கிளம்பும்போதே பேசி வைத்தோம். ஒழுங்காகச் சொன்னால், நான் சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை.

இன்று அண்ணனும் கரட்டுக்கு வந்திருந்தார். அவர் மனைவியிடம் பேசினால் சிக்னலே தேவையில்லை, நேராகவே ஊருக்குக் கேட்கும்.

"ஏம் புள்ள, எருமைக்கு ஊசி போட்டாச்சா? ... அட, உனக்குப் போட்டாச்சான்னு கேக்கல, எருமைக்கு! ... சரி சரி, உனக்கும் சேத்துப் போடச் சொல்லு."

முப்பத்தைந்து நிமிடம். நான் கொஞ்சம் தள்ளி நின்றிருந்தேன். ஒட்டுக் கேட்கவில்லை. காற்று அந்தப் பக்கமிருந்து வீசியது.

"உங்கூட்டுல எடுக்கலீங்களா தம்பி?"

"வேலையா இருப்பா."

"இருப்பாங்க, இருப்பாங்க" என்றார். அவர் அப்படி இரண்டு முறை சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை.

ஏப்ரல் 5, வெள்ளி

ஹெஸ்டர் வந்தாள். சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர். என் வயதுதான் இருக்கும். எழுபது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஊரிலிருந்து வெள்ளிக்கிழமை மட்டும் வருவாள். ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்கிறோம். எழுதும்போது தமிழாகிவிடுகிறது.

"பூஜ்ஜியமா?"

"பூஜ்ஜியம்."

"பிறந்ததிலிருந்து இதைப் பார்க்கிற எனக்கே பத்தில் மூணு கண்ணுக்குத் தப்பும். உனக்கு மொத்தமாவே ஒண்ணும் தப்பலையா?"

"இல்லாததை எப்படித் தப்பவிடுறது?"

சிரித்தாள். காரிலிருந்து ஒரு மீன் டப்பாவை எடுத்து வந்தாள். உள்ளே சரளை மண். நடுவில் ஒரு கல்செடி. அவளே விதையிலிருந்து வளர்த்ததாம், நாலு வயதாம். காட்டிலிருந்து எடுத்தால் ஜெயில் என்றாள். "ஒரு வாரம் ஜன்னலில் வைத்துப் பார். முகம் பழகட்டும். வேணும்னா இன்னொரு முறை நடந்து பார். அடுத்த வெள்ளி உன் படிவத்தில் நானும் கையெழுத்துப் போடுகிறேன். தண்ணீர் ஊத்தாதே."

ஏப்ரல் 6

அளவெடுத்தேன். அகலம் 23 மி.மீ., உயரம் மண்ணுக்கு மேல் 6 மி.மீ. இரண்டு தடித்த இலைகள் ஒட்டிக்கொண்டு நடுவில் ஒரு பிளவு. மேல் முகம் செங்கல் நிறம். அதில் பழுப்புக் கோடுகள், வறண்ட ஆற்றின் கிளைகளை டிரோனில் படமெடுத்தது போல. ஹெஸ்டர் பன்னிரண்டு வகைப் படங்கள் கொண்ட ஓர் அட்டையும் கொடுத்திருக்கிறாள். ஒப்பிட்டதில் இது நாலாம் எண். பதினைந்து நிமிட வேலை.

தாரணி எடுக்கவில்லை. சனிக்கிழமை அரை நாள்தான் ஆபீஸ்.

ஏப்ரல் 7

நாலு அல்ல, ஏழு. கோடுகள் ஓரம் வரை போகின்றன.

முகம் கொஞ்சம் சுருங்கியது போலத் தெரிந்தது. மூடியளவு தண்ணீர் ஊற்றினேன். பாலைவனம் என்றாலும் உயிர்தானே.

ஏப்ரல் 8

மறுபடி நாலு. விளக்கு வெளிச்சத்தில் ஏழு. அட்டை சரியாக அச்சாகவில்லை. தண்ணீர் ஒரு மூடி.

அண்ணன் எட்டிப் பார்த்தார்.

"ஏனுங் இஞ்சினியரே, கல்லுக்குத் தண்ணி ஊத்தறீங்களா?"

"கல் இல்லைண்ணா, செடி."

"எங்கூட்டுக்காரி பாத்தாள்னா வெளக்கமாத்த எடுத்துருவாளுங்க. கல்லுக்குத் தண்ணி ஊத்தறதுக்கா கப்பலேறிப் போனீங்கன்னு."

போனபின்பு டப்பாவைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். அறையில் என்னைத் தவிர இருக்கிற ஒரே உயிர். பேச்சுக்குச் சொல்கிறேன். கரப்பான்பூச்சிகூட இங்கே கிடையாது.

ஏப்ரல் 9

மதியம் மழை. இருபது நிமிடம். தகரக் கூரையில் சரளை கொட்டினது மாதிரி. நனையலாமா என்று யோசித்து முடிப்பதற்குள் நின்றுவிட்டது.

ஏப்ரல் 10

தாரணி எடுக்கவில்லை. 7.30 முதல் 8.15 வரை கரட்டில். செடிக்குத் தண்ணீர்.

ஏப்ரல் 12, வெள்ளி

காலையில் பார்த்தால் செடி வெடித்திருந்தது. பக்கவாட்டில், மேலிருந்து கீழாக ஒரு கிழிசல். உள்ளே பச்சையாக, ஈரமாக. தொட்டேன், வெள்ளரிப் பிஞ்சு மாதிரி இருந்தது.

ஹெஸ்டர் டப்பாவைக் கையில் வாங்கி, திருப்பிப் பார்த்து, கீழே வைத்தாள்.

"எத்தனை நாள் ஊத்தினே?"

"தினம். கொஞ்சம்தான்."

"ஊத்தாதேன்னு உன்கிட்ட சொன்னேனா இல்லையா?"

"வாடின மாதிரி இருந்தது."

"அது வாடலை. சும்மா இருந்தது. அதுக்குச் சும்மா இருக்கிறதுதான் வேலை. உனக்குத்தான் எதையாவது செஞ்சுகிட்டே இருக்கணும்."

புதிது வாங்கித் தருகிறேன் என்றேன். நாலு வருடத்தை எந்தக் கடையில் வாங்குவாய் என்று கேட்டாள். அது நாலாம் எண்ணா ஏழாம் எண்ணா என்று கேட்டேன். "பூத்தால்தான் தெரியும். முகத்தை மட்டும் பார்த்துப் பேர் வைக்கிறவன் பாதி நேரம் பொய் சொல்கிறான். நாலு வெள்ளை பூக்கும். ஏழு மஞ்சள். இனி இது எதுவும் பூக்காது."

பிறகு படிவத்தை எடுத்தாள். "மறுபடி நடந்தாயா?"

"தேவைப்படலை."

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். இதற்கு மேல் மூன்று திட்டங்கள் அவள் தலையில் இருக்கின்றன, வண்டி ஒன்றுதான். என் பெயருக்குக் கீழே கையெழுத்துப் போட்டாள்.

ஏப்ரல் 15, திங்கள்

தோண்டத் தொடங்கினோம். மாலைக்குள் 600 மீட்டர். இந்த வேகத்தில் ஏழு வேலை நாள். கணக்கு சரியாக வருகிறது.

ஏப்ரல் 16

1,200 மீட்டர். சாம்பார் புளித்துவிட்டது. தாரணி எடுக்கவில்லை.

ஏப்ரல் 17

1,800 மீட்டர்.

அண்ணன் மாலையில் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, முன்னால் போய்க் கோட்டுக்குச் சுண்ணாம்புத் தூள் போட்டுவிட்டு வந்தார். நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன்.

"தம்பி, கரட்டுக்கு அந்தாண்ட பூ பூத்துக் கெடக்குதுங்க."

"என்ன பூ?"

"கல்லுல. கல்லு வாயத் தொறந்து பூ விட்டிருக்குதுங்க. மொதல்ல எவனோ சாமந்தியப் பிச்சு வீசிட்டுப் போயிருக்கான்னுதான் நெனச்சேன். அப்பறம் பாத்தா வேரோட நிக்குது."

"எத்தன மணிக்குப் பாத்தீங்க?"

"நாலு இருக்கும். ஏன், பூவுக்கு ராகு காலம் பாக்கோணுமா?"

"அது வேற செடியா இருக்கும்ணா."

"நீங்க படிச்சவிய, நீங்க சொன்னாச் சரி. ஆனா மஞ்சப் பூவுங்க."

துணியைக் காயப்போட்டு முடித்தேன். ஒரு சட்டையை இரண்டு முறை பிழிந்திருக்கிறேன் என்று பிறகுதான் தெரிந்தது.

ஏப்ரல் 18

2,400 மீட்டர்.

3.30க்குத் தனியாகப் போனேன். கரட்டைத் தாண்டி, 3.6லிருந்து. முதல் பத்து நிமிடம் ஒன்றும் தெரியவில்லை. சரளை, சரளை, சரளை. கோடு முழுக்க இப்படித்தான் இருக்கிறது, பூஜ்ஜியம் சரிதான் என்று நினைத்தேன். சந்தோஷமாகத் திரும்பப்போனேன். பூட்ஸிலிருந்து ஒரு சாண் தள்ளி ஒன்று திறந்துகொண்டிருந்தது. பிளவிலிருந்து மஞ்சள் நூல் நூலாக வெளியே வந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே விரிந்தது. செடியைவிடப் பூ பெரியது. மண்டி போட்டேன். அப்புறம் எங்கே பார்த்தாலும் அவைதான். நான் நின்றிருந்த இடத்துக்கு இரண்டு பக்கமும்.

41 வரை எண்ணினேன். அது 3.6லிருந்து 3.7 வரைக்கும்தான். அதோடு நிறுத்திவிட்டேன். வெயிலுக்காக அல்ல.

நான் நடந்தது காலையில். காலையில் இவை மூடியிருக்கும். ஏப்ரல் 2இல் மழையும் பெய்யவில்லை, மண்ணுக்குள் அமுங்கியிருக்கும். ஆகவே இது முறையியலில் நேர்ந்த குறை. தனிமனிதத் தவறு அல்ல.

இந்த வரியை நோட்டில் எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தேன். அறிக்கைக்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

இன்னொன்றும் யோசித்தேன். பூ பத்து நாளில் உதிர்ந்துவிடும். அதற்கப்புறம் நாலா ஏழா என்று முகத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. நாலு என்று எழுதினால் வெள்ளைப் பூ வகை. பெயர்த்து நடலாம். கோடு நகராது. முகத்தை மட்டும் பார்த்துப் பேர் வைத்தவன் பாதி நேரம்தானே பொய் சொல்கிறான்.

ஏப்ரல் 19, வெள்ளி

3,200 மீட்டர். மண் இளகல், வேகம் கூடிவிட்டது.

ஊரில் இன்று ஓட்டுப்பதிவு, விடுமுறை. தாரணி எடுத்தாள்.

"சொல்லுங்க."

"ஓட்டுப் போட்டாச்சா?"

"ம்."

"கூட்டமா?"

"ம். இருந்துச்சு."

"அம்மா அப்பா நல்லா இருக்காங்களா?"

"நான் பவானில உங்க வீட்டுல இல்லைங்க. எங்கம்மா வீட்டுல இருக்கேன். மூணு வாரமாச்சு."

"சொல்லவே இல்ல?"

"நீங்க கேக்கல."

பிறகு சிக்னல் போய்விட்டது என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். சிக்னல் இரண்டு கோடு இருந்தது. அவள் வைத்துவிட்டாள். நாற்பது வினாடி.

ஹெஸ்டர் பத்து மணிக்கு வந்தாள், தோண்டிய பள்ளத்தைப் பார்த்தாள், டீ குடித்தாள், கிளம்பினாள். சொல்ல வாய் எடுத்தேன். மழை பெய்ததே, உங்கள் ஊரிலும் பெய்ததா என்று கேட்டேன். பெய்தது என்றாள்.

ஜனவரியில் ஆஸ்பத்திரி வராந்தாவில் தாரணி அழுதபோது, ஐந்தில் ஒரு கர்ப்பம் இப்படித்தான் கலையும், டாக்டரைக் கேட்டுப் பார் என்று சொன்னேன். தகவல் சரிதான். பன்னிரண்டாம் நாள் விமானம் ஏறினேன். டிக்கெட் முன்பே போட்டது.

ஏப்ரல் 20, சனி. காலை 10.25

நிறுத்திவிட்டேன்.

இயந்திரம் 3.4இல் இருந்தது. முன்னால் போய் நின்று கையைக் காட்டினேன். அண்ணன் இன்ஜினை அணைக்காமலே தலையை நீட்டினார்.

"என்னுங்க?"

"நிறுத்துங்க."

"டீ நேரமாச்சுங்களா?"

"மொத்தமா நிறுத்துங்க. இதுக்கு மேல தோண்டக் கூடாது."

"ஆரு சொன்னது?"

"நான்."

"நீங்க சொன்னா நிக்குங்களா? மேனேசரு கேட்டா நான் என்னுங்க சொல்றது?"

"நவநீதன் பொய்க் கணக்கு எழுதியிருக்கான், அதனால நிறுத்தினேன்னு சொல்லுங்க."

அணைத்தார். திடீரென்று அந்த இடம் இவ்வளவு அமைதியாக இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. இறங்கி வந்து, துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"அந்தப் பூவுங்களா?"

"ஆமாண்ணா."

"நான் அன்னைக்கே சொன்னனுங்களே."

"சொன்னீங்க."

"பாக்காம எழுதிட்டீங்களாக்கும்."

எந்த விசாரணையிலும் யாரும் இவ்வளவு சரியாகக் கேட்டிருக்க முடியாது. ஆமாம் என்றேன். சாவியை உருவி என் கையில் வைத்தார். "நீங்களே வெச்சுக்குங்க. ஆராவது வந்து ஓட்டச் சொன்னா, சாவி இஞ்சினியருகிட்டன்னு சொல்லிப் போடறேன்."

கரட்டில் ஏறி ஹெஸ்டரைக் கூப்பிட்டேன்.

"மஞ்சள் பூ. ஏழாம் எண். 3.6லிருந்து 3.7க்குள் மட்டும் 41. மிச்சத்தை எண்ணவில்லை."

"காலையில் நடந்திருப்பாய். பூ தூங்கிக்கொண்டிருந்திருக்கும்" என்றாள். எனக்காக அவளே ஒரு வழியைத் திறந்துவிட்டாள். அது வழியாகப் போயிருக்கலாம்.

"இல்லை. அந்த அறுநூறு மீட்டரில் நான் நடக்கவே இல்லை. 7.30க்குக் கரட்டுக்கு வந்துவிட்டேன். ஒரு ஃபோனுக்காக நின்றேன். எட்டரை வரை நின்றேன். வெயில் ஏறிவிட்டது. திரும்பிப் போய்விட்டேன்."

"யாருடைய ஃபோன்?"

"வரவில்லை."

"6.20க்குத் தொடங்கினாய் என்று எழுதியிருக்கிறாய். எழுபது நிமிஷத்தில் 3.6 கிலோமீட்டரா? எண்ணிக்கொண்டா? ஓடிக்கொண்டா?"

அவசரமாகத்தான் நடந்தேன். 7.30க்குள் கரட்டில் இருக்க வேண்டியிருந்தது. அதையும் சொன்னேன்.

"அப்படியானால் தோண்டியாச்சே, அந்த 3.4?"

அதை நான் அதுவரை யோசிக்கவில்லை. யோசிக்காமல் இருந்திருக்கிறேன் என்பதுதான் சரி.

"நவநீதன், அதில் என்ன இருந்தது என்று இனி யாருக்கும் தெரியாது. உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. என் கையெழுத்து அதில் இருக்கிறது."

"உன்னை ஏமாற்றியது நான் என்று எழுதித் தருகிறேன்."

"எழுது. அது என் வேலையைக் காப்பாற்றலாம். பள்ளத்தில் போனதைக் காப்பாற்றாது." பிறகு, "மூன்று மணிக்கு வருகிறேன். முழங்காலுக்குத் துணி கட்டிக்கொள்" என்றாள். வைத்துவிட்டாள்.

அதே நாள், மாலை 6.05. எண்ணிக்கை: 118

3.6லிருந்து 3.9 வரை. நான் இடது பக்கம், ஹெஸ்டர் வலது பக்கம். மண்டி போட்டே போனோம். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு ஐஸ் குச்சி நட்டோம். நான் நட்ட மூன்று குச்சிகள் நிஜமான கற்களுக்குப் பக்கத்தில் நின்றன. அவள் சிரிக்காமல் அவற்றைப் பிடுங்கினாள். அவள் தவறவிட்ட ஒன்றை நான் காட்டினேன். அதற்கும் சிரிக்கவில்லை.

அண்ணன் தெர்மாஸில் டீ கொண்டு வந்தார். எங்கே காலை வைப்பது என்று தெரியாமல் சுண்ணாம்புக் கோட்டிலேயே ஒற்றைக் காலில் நின்று, "ஏனுங், இப்படி வந்தா எதையும் மிதிக்க மாட்டனுங்களே?" என்று கத்தினார். ஹெஸ்டருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் புரிந்துகொண்டு, அப்படியே நில் என்று கையைக் காட்டினாள்.

ஐந்தரைக்குப் பூக்கள் மூடத் தொடங்கின. ஒரே நேரத்தில் அல்ல, ஒவ்வொன்றாக. மூடியபின் குச்சியில்லாத இடத்தில் ஒன்றும் இல்லாதது போலவே இருந்தது.

3.4 வரை திரும்பி நடந்து, பள்ளத்தின் ஓரத்தைப் பார்த்தேன். குவித்த மண்ணைக் கையால் கிளறினேன். கிடைத்ததெல்லாம் கல்தானா என்று சொல்லத் தெரியவில்லை.

ஹெஸ்டர் கிளம்பும்போது, மேலாளர் செவ்வாய்க்கிழமை வருகிறார், உன்னை அனுப்பிவிடுவார்கள் என்று நினைக்கிறேன் என்றாள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஊருக்குப் போவது நாலு வாரம் தள்ளிப்போகக் கூடாதென்று மறைத்தேன், இப்போது நாலு நாளில் போகலாம். பவானி வீட்டில் தாரணி இல்லை என்பதுதான் விஷயம்.

இனிச் செய்ய வேண்டியவை:

1. நாளை காலை, நடந்ததை மேலாளருக்குக் கடிதமாக எழுதி அனுப்புவது. "முறையியல் குறை" என்ற வரி இல்லாமல்.

2. ஹெஸ்டர் என் பேச்சை நம்பிக் கையெழுத்துப் போட்டாள் என்பதை அதே கடிதத்தில் முதல் வரியாக எழுதுவது.

3. தோண்டிய 3.4 கிலோமீட்டருக்கு எதிரே பூஜ்ஜியத்தை அடித்துவிட்டு "தெரியாது" என்று எழுதுவது.

4. மாலை 3.30க்கு 3.9லிருந்து 4.2 வரையும், பிறகு 3.4லிருந்து 3.6 வரையும் எண்ணுவது. ஃபோனை அறையிலேயே வைத்துவிட்டுப் போவது.

5. ஊருக்குப் போனதும் தாரணியின் அம்மா வீட்டுக்குப் போவது. உள்ளே விட்டால், அன்றைக்கு ஆஸ்பத்திரியில் என்ன ஆயிற்று என்று அவளைச் சொல்லச் சொல்வது. அவள் முடிக்கும் வரை வாயைத் திறக்காமல் இருப்பது.